சிரிக்காத கன்னம்

பல் மருத்துவர் ரெஹானா கணினித் திரையைத் தொட்டதும், ஒன்பது வயது மெர்லின் முப்பது வயதுக்காரியாக அதில் தோன்றினாள். சொத்தையான வலது கடைவாய்ப் பல்லை இப்போதே எடுத்தால் வரப்போகும் முகம் அது.

“பின்னாடி முளைக்கிற பல்லு நகர்ந்து வந்து இடத்தை நிரப்பிக்கும். அடுத்த வருசம்னா நகராது.”

“எடுக்காம விட்டா?” என்றாள் தாய் ஜெசிந்தா.

இரண்டாவது முகம் வந்தது. தலையைச் சாய்த்து, இடக் கன்னத்தால் மட்டுமே சிரித்தது. இறந்துபோன கணவன் அருள்ராஜேதான். கடலைமிட்டாயை அந்தக் கன்னத்தில் ஒதுக்கி, தலை சாய்த்து மெல்லுவான். கொக்கு என்று கேலி செய்துகொண்டே அந்தச் சாய்வில் மனதைப் பறிகொடுத்தவள் அவள்.

“இந்த முகமே இருக்கட்டுமே, டாக்டர்.”

“வலிக்குப் பயந்து ஒரு பக்கமாவே மென்னா வர்ற முகம்மா இது.”

ஜெசிந்தா திரும்பினாள். மெர்லின் தலையை இடப்பக்கம் சாய்த்து மிட்டாய் மென்றுகொண்டிருந்தாள்.

“வலப் பக்கம் வலிக்குதாடி?”

“எப்பவும்தாம்மா.”

அருள்ராஜ் ஒருநாளும் தனக்கு வலிப்பதாகச் சொன்னதில்லை.

“எடுத்துருங்க டாக்டர். அதுக்கு முன்னால அந்த முகத்தை இன்னொரு தடவ காட்டுங்க.”

இம்முறை அவள் கண்கள் சிரிக்காத வலக் கன்னத்திலேயே நின்றன.