இடது மட்கார்டில் ஓர் ஒடுக்கு

"எல்லாம் நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி. இப்ப இந்த மட்கார்டுல ஒரு ஒடுக்கு மட்டும் போட்டுக் குடுத்துடுங்க" என்றார் வண்டியை எடுக்க வந்த அம்மா.

டிங்கர் துடைத்துக்கொண்டிருந்த துணியை பானெட்டின் மேலேயே போட்டுவிட்டார். பட்டறை வைத்த நாளிலிருந்து ஒடுக்கு எடுத்துத்தான் அவருக்குப் பழக்கம். போடச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை.

போன வாரம் அந்த அம்மா இந்தக் கிழட்டுக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தபோதே அவருக்குக் காது குறுகுறுத்தது. முதலில் ஆளின் வாயிலிருந்து கதையை எடுப்பார், அப்புறம்தான் வண்டியிலிருந்து ஒடுக்கை எடுப்பார் என்று அவரைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு பொய்யில்லை. பம்பர் வாய் கோணி, கிரில் பல் உதிர்ந்து, இடது மட்கார்டு காகிதமாய்க் கசங்கிக் கிடந்ததைச் சுற்றி வந்தவர், எதில் மோதியது என்று விசாரித்தார். விளக்குக் கம்பம் என்று பதில் வந்தது.

"கம்பம் குறுக்கே வந்துச்சாம்மா?"

"அது பாட்டுக்கு நின்ன இடத்துலதான் நின்னுச்சு. ரோடு திரும்புச்சு, நான் திரும்பலை."

இந்த வண்டிக்குப் புதுச் சாமான் வருவது நின்று எவ்வளவோ காலமாகிறது. பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, பின்பக்கம் நொறுங்கி முன்பக்கம் பிழைத்த அதே ஜாதி வண்டி ஒன்றைப் பிடித்தார் டிங்கர். அதன் பானெட், கிரில், பம்பர், மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றி இதில் பொருத்தினார். பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளி, இரண்டு பக்கமும் ஒரே சீராக. பழைய சந்தன நிறத்தையே அடித்து, கல்யாணப் பெண்ணைப் போல நிறுத்தி வைத்தார். ஒரு பாராட்டு வரும் என்று பார்த்தால் இது வந்தது.

"ஹெட்லைட்டுக்குப் பின்னாடி கட்டை விரல் உட்கார்ற மாதிரி ஒரு ஒடுக்கு இருந்துச்சு தம்பி. கசங்கினதுல அது போயிடுச்சு" என்றார் அம்மா.

கதை தானாகவே வெளியே வந்தது. வண்டி வாங்கிய புதிது, கல்யாணமும் புதிது. பக்கத்தில் உட்கார்ந்து இவர் பாடினாராம். வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டி, சொந்த கேட் தூணிலேயே உரசிவிட்டாராம். சரி பண்ணலாம் என்றபோது, "உன் பாட்டுக்குத் தூணே தலையாட்டியிருக்கு, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டாராம். அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு புதுப்பெண் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அந்த ஒடுக்கு இல்லேன்னா நான் இடிச்சது அவருக்குத் தெரிஞ்சுடும்."

"புதுப் பெயிண்ட்டைப் பார்த்தாலே தெரியாதாம்மா?"

"அவருக்குப் பார்வை போயிடுச்சு தம்பி. சர்க்கரை. இப்ப கைதான் கண்ணு. மூக்கும் பொல்லாதது. வண்டி பெயிண்ட் வாசம் தனியாத் தெரியக் கூடாதுன்னு இன்னிக்கு வீட்டு கேட்டுக்கும் பெயிண்ட் அடிக்கப் போறேன்."

தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் வண்டியில் ஒரு சுற்றுப் போவார்கள். ஓட்டுவது இவர். எங்கே கியர் மாற்றுவது, எந்தத் திருப்பத்தில் ஹாரன் அடிப்பது என்று சொல்லிக்கொண்டே வருவது அவர். இவருக்கு அதெல்லாம் மனப்பாடம். ஆனாலும் அவர் சொன்ன பிறகுதான் கியருக்குக் கை போகும். அந்த ஒரு மணி நேரம் அவர் பழைய மனுஷனாகிவிடுவார்.

பார்வை போய்ச் சாவியை அம்மாவிடம் கொடுத்த அன்றே வீட்டுக்காரர் ஒரு சொல் சொல்லியிருந்தார்: எங்கேயாவது இடித்தாய் என்று தெரிந்தால் மறுநாளே வண்டியை விற்றுவிடுவேன், எனக்கு வண்டி பெரிதில்லை, நீதான் பெரிது. விளையாட்டுக்குச் சொன்ன பந்தயத்துக்காக மீசையை வழித்துக்கொண்டு ஆபீஸ் போன மனுஷன். சொன்னால் செய்துவிடுவார். மகள் வீட்டுக்குப் போயிருந்தவர் நாளைக்குத் திரும்புகிறார்.

டிங்கர் மரச்சுத்தியை எடுத்தார். கொலை செய்யக் கூப்பிட்ட வைத்தியரைப் போலக் கை கூசியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு மட்கார்டைத் தடவி, ஓர் இடத்தில் விரலை நிறுத்தினார். முதல் அடி தடவிக் கொடுத்த மாதிரிதான் விழுந்தது.

"பூவால அடிக்காதீங்க தம்பி, அது கல்தூண்" என்றார் அம்மா.

இரண்டாவது அடியில் ஒடுக்கு விழுந்தது. அம்மா கட்டை விரலை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

மறுநாள் சாயங்காலம் ஹெட்லைட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு டிங்கர் அவர்கள் வீட்டுக்கே போய்விட்டார். நாடகத்துக்குச் சுத்தியடித்துவிட்டுக் கடைசிக் காட்சியைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியுமா? பல்பு மாட்ட வந்தவர் என்று அம்மா அவரை அறிமுகம் செய்து வைத்தார்.

வீட்டுக்காரர் வெளியே வந்தார். அவர் கை பானெட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது. ஹெட்லைட் வளையத்தைச் சுற்றியது. மட்கார்டில் இறங்கியது. கட்டை விரல் ஒடுக்குக்குள் போய் உட்கார்ந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்படியேதான் இருக்கு. கிளம்பலாமா?" என்றார் வீட்டுக்காரர்.

அம்மா சிரித்த முகத்தோடு சாவி எடுக்க உள்ளே ஓடினார். காலடி ஓய்ந்ததும் வீட்டுக்காரர் டிங்கர் நின்ற பக்கமாகத் தலையைச் சாய்த்தார்.

"தம்பி, ஒடுக்கு ரெண்டு விரல் மேல விழுந்திருக்கு" என்றார் மெதுவாக. "அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சா, சொன்ன சொல்லுக்கு நான் வண்டியை வித்தாகணும்."