சந்தனப் பொட்டு

நேற்றிலிருந்து வீட்டில் போனும் இல்லை, நெட்டும் இல்லை. பழுது பார்க்க வந்த ரெஜினா, சுவரில் இருந்த இணையப் பெட்டியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். ஆயுத பூஜைக்குத் தில்லைநாயகம் தாராளமாக அப்பியிருந்த சந்தனம், வீட்டில் ஆள் நடமாட்டத்தைக் கவனிக்கும் அதன் கேமராக் கண்ணை மறைத்திருந்தது.

"ஆள் நடமாட்டமே தெரியலன்னு, இந்தப் பெட்டி நீங்க தவறிட்டதா முடிவு பண்ணி லைனை நிறுத்திருச்சு சார். சொந்தக்காரங்களுக்கெல்லாம் தகவலும் சொல்லிருச்சு."

"அடப்பாவி! யார் யாருக்கு?"

அவள் கைக்கருவியை நீட்டினாள். பட்டியலில் அண்ணன் பெயரும் இருந்தது. தில்லைநாயகத்தின் மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனதற்காகப் பதினோரு வருஷம் வாசற்படி மிதிக்காத அண்ணன். அவர் பதிலும் போட்டிருந்தார்: 'கிளம்பிட்டேன். நான் வர்ற வரைக்கும் எடுத்துராதீங்க.'

தில்லைநாயகம் அதை இரண்டு முறை படித்தார். ரெஜினா ஈரத்துணியை எடுத்தாள்.

"துடைச்சதும் நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எல்லாருக்கும் தகவல் போயிரும் சார்."

அவர் பதறிப்போய் அவள் கையைத் தடுத்தார்.

"சாயங்காலமா வந்து துடைம்மா. இப்பவே தெரிஞ்சா அந்த மனுஷன் பாதி வழியிலயே வண்டியைத் திருப்பிருவாரு."