நாலாவது புத்தகம்

மூன்றாவது புத்தகத்தையும் படித்து முடித்துவிட்டு ராசம்மாள் கேட்டாள்.

"எப்பக் கெளம்புற?"

கதிரவன் அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து மினி பஸ்ஸில் வந்து இறங்கி, கைகால் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்திருந்தான். கேட்டது புரியாமல் நின்றான்.

கதிரவன் என்ற பெயர் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. குமராட்சியில் எல்லோருக்கும் அவன் எழிலரசிதான். கண்ணாயிரத்தின் ஒரே மகள். சிதம்பரத்தில் ரத்தம் பரிசோதிக்கும் லேப்பில் வேலை பார்க்கிற பெண்.

தான் பெண் இல்லை என்பதை அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு வரவில்லை. எத்தனையோ தடவை பேச்செடுத்து, வேறு எதையோ பேசி முடித்திருக்கிறான். கடைசியில் ஒரு புத்தகத்தை வாங்கிவந்து அடுப்படியில் வைத்து, "படிச்சுப் பாரும்மா, என்னப் பத்தித்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடிவிட்டான்.

ராசம்மாள் பத்தாவது வரை போனவள். நடவுக்குப் போய் வந்து, உலை கொதிக்கிற நேரத்தில் உட்கார்ந்து படித்தாள்.

முதல் புத்தகத்தில் ஒரு திருநங்கை. அண்ணன் அடித்த அடியில் வீட்டை விட்டு ஓடி, ரயிலேறிப் போனவள்.

"இது ஆம்பளப் புள்ளயாப் பொறந்ததுல்ல? நீ எப்படி இதுல வருவ?" என்று குழம்பிப்போனாள்.

அவன் அலைந்து இன்னொன்று வாங்கிவந்தான். அதுவும் திருநங்கையின் கதைதான். பட்டம் வாங்கி, நல்ல வேலையில் சேர்ந்தவள். ஆனாலும் ஊர்ப்பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாவதுதான் அவனைப் போன்ற திருநம்பி ஒருவன் தன் வாழ்க்கையைத் தானே எழுதியது. எங்கோ பெங்களூரில் இருந்தான். அம்மா செத்த சேதிகூட அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

அதைப் படித்த நாட்களில் ராசம்மாள் அவனிடம் ரொம்பப் பிரியமாக இருந்தாள். நெத்திலி வாங்கிக் குழம்பு வைத்தாள். அவன் வேலைக்குக் கிளம்பும்போது பஸ் வரும்வரை கூடவே நின்றாள். சாப்பிடும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்று அவன் நினைத்தான்.

புரிந்துதான் இருந்தது.

இப்போது அவள் உள்ளே போய் ஒரு பையைத் தூக்கிவந்து அவன் முன்னால் வைத்தாள். புதிதாக எடுத்த ஆம்பளைச் சட்டைகள். பேண்ட். ஒரு போர்வை. துணிக்கு நடுவில் சுற்றி வைத்த எலுமிச்சங்காய் ஊறுகாய்.

"பொஸ்தகத்துல உள்ளதுங்கல்லாம் சொல்லிக்காம கொள்ளாம, வெறுங்கையோட போயிருக்குதுங்க. நீ அப்படிப் போவ வேணாம். ஓசூர்ல வேல கெடச்சிருக்குன்னு தெருவுல சொல்லிட்டன். அப்பாகிட்டயும் எல்லாத்தயும் சொல்லிட்டன். ஒருநாளு பூரா வூட்டுப் பக்கமே வரல. அப்பறம், நானே வண்டியில கொண்டுபோயி ரயிலேத்தி விடறேன்னாரு."

வாசலில் கண்ணாயிரம் குனிந்து உட்கார்ந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் பக்கம் திரும்பவில்லை. துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

அவன் பையிலிருந்த ஒரு சட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தான்.

ராசம்மாள் கேட்டாள்.

"போன்ல ஒன்ன என்னா பேரு சொல்லிக் கூப்புடறது?"

"கதிரவன்."

அவள் அதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். அதற்குப் பிறகு அழுகையை அடக்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவன் கிளம்பினான். அப்பா ரயிலடி வரை வந்தார். பெட்டிக்குள் ஏறி, பையை மேலே வைத்து, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கி, ரயில் நகரும்வரை வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

அம்மா, அப்பா இருவருக்கும் தெரியாதது ஒன்று உண்டு.

முந்தின நாள் வேலை முடிந்ததும் அவன் நேராக வீட்டுக்கு வரவில்லை. கீழ வீதிப் பக்கம் அவன் வழக்கமாகப் போகும் புத்தகக் கடைக்குப் போயிருந்தான். அங்கே மட்டும்தான் தன் பெயரைச் சொல்லியிருந்தான்.

அம்மாவுக்கு இன்னும் ஒரே ஒரு புத்தகம் வேண்டும் என்று கேட்டான். என்ன மாதிரி என்றார் கடைக்காரர்.

"எங்கயும் போவாம, வூட்டுலயே அம்மா அப்பாகூட இருக்கற மாதிரி."

நல்ல மனிதர். ஏணி போட்டு ஏறி, மேல்தட்டு வரைக்கும் பொறுமையாகத் தேடினார். பிறகு இறங்கிவந்து கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார்.

"வூட்டுலயே இருந்துட்டா, அதுல எழுதறதுக்கு என்னா தம்பி இருக்கு?"