பத்தாயிரத்து ஒன்றுக்கு விழுந்த மாலை

பகா எண்களின் சங்கத்தில் சேர யார் வந்தாலும், உள்ளே இருப்பவை சிறியதிலிருந்து வரிசையாக வகுத்துப் பார்க்கும். அவற்றில் ஏதாவது ஒன்றால் மீதியில்லாமல் வகுபட்டுவிட்டால் இடம் கிடையாது.

ஒருநாள் பத்தாயிரத்து ஒன்று வந்து நின்றது. இரண்டு தொடங்கி எழுபத்தொன்று வரை வகுத்துப் பார்த்தன. எல்லாவற்றுக்கும் மீதி வந்தது. அதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட்டது.

"என்னை யாராலயும் வகுக்க முடியாதுங்க" என்றது பத்தாயிரத்து ஒன்று.

"சரி, போதும். மாலையைப் போடுங்க" என்றது தலைவரான இரண்டு.

அடுத்து வகுக்க வேண்டியது எழுபத்து மூன்று. அது வகுத்தால் மீதியே வராது என்பது பத்தாயிரத்து ஒன்றுக்குத் தெரியும். பாதி எழுந்த எழுபத்து மூன்று, வெளிறிப்போன அந்த முகத்தைப் பார்த்தது. வகுக்காமலே உட்கார்ந்துகொண்டது. நகர்ந்து பக்கத்தில் இடமும் கொடுத்தது.

சாப்பாடு முடிந்ததும் தொண்ணூற்றொன்று வந்தது. ஏழு வகுத்ததுமே மாட்டிக்கொண்டது.

"தெரிஞ்சேதானே வந்தே? வெட்கமா இல்ல?" என்று சங்கமே கத்தியது. பத்தாயிரத்து ஒன்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியது.

கத்திக்கொண்டே திரும்பியது. எழுபத்து மூன்று மட்டும் வாயைத் திறக்காமல் அதன் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தது.