ஏணிக்கால் திருடன்

"இவனை விடக் கூடாது சார். பட்டறைக்கே சீல் வைக்கணும்" என்றார் வெல்டர். மேஜைமேல் கிடந்த ஏணிக்காலை மேலாளர் அவர் பக்கம் நகர்த்தினார்.

படிக்கட்டிலும் மேடுபள்ளத்திலும் ஏணி சாயாமல் நிற்க, நீட்டி மடக்கும் இரும்புக் கால் அது. வெல்டரின் சொந்த மூளையில் உதித்தது. அதற்குக் காப்புரிமை வாங்கி, போன வருடம் இந்தக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். விற்கிற ஒவ்வொரு காலுக்கும் அவருக்கு ஒரு பங்கு.

வந்த பங்கு இரண்டு பேர் டீ குடிக்கத்தான் காணும். ஏன் என்று கேட்க வந்த இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. யாரோ கள்ளத்தனமாகச் செய்து பெயிண்டர்களுக்குப் பாதி விலையில் தள்ளுகிறான். கம்பெனிச் சரக்கு கிடங்கில் தூங்குகிறது.

"உங்களோடதைப் பாத்துப் பண்ணதுதானே? நல்லா பாத்துச் சொல்லுங்க" என்றார் மேலாளர்.

வெல்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புரட்டினார். "அச்சு அசல். பத்தவச்ச இடம் தடவினாக்கூடத் தெரியல. கைதேர்ந்த திருடன் சார்."

கம்பெனி வக்கீல் ஒப்பந்தத்தைப் பிரித்தார். "கம்பெனியைத் தவிர வேற யாரும் இதைச் செய்யவோ விக்கவோ கூடாது."

"யாருமேவா?"

"யாருமே."

வெல்டருக்குப் பரம திருப்தி. கையெழுத்துப் போட்ட அன்றைக்கே இதைப் படித்திருந்தால் அன்றைக்கே சந்தோஷப்பட்டிருக்கலாம்.

"கண்டுபிடிச்சவரே சொல்லிட்டா நீதிபதிக்கு வேலை சுலபம்" என்று வக்கீல் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். வெல்டர் வழக்கம்போலப் படிக்காமல் நாலு இடத்தில் கையெழுத்திட்டார்.

வீட்டில் மூச்சு விடவில்லை. அவர் கண்டுபிடிப்பாளராகி வெள்ளைச் சட்டைக்கு மாறியதிலிருந்து பட்டறை மனைவியின் தலையில்தான். சொன்னாலும் காதில் வாங்க அவளுக்கு நேரமில்லை. என்ன ஆர்டரோ, அப்படிக் குவிந்தது.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. கோர்ட் அதிகாரியோடு தானும் வருவேன் என்று வெல்டர் அடம்பிடித்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

"நீங்க எதுக்கு?" என்றார் அதிகாரி.

"அவன் மூஞ்சியை ஒரு தடவை பாக்கணும் சார்."

மரக்கடையைத் தாண்டி வண்டி இடப்பக்கம் திரும்பியது. "நம்ம ஏரியாவுலேயே உக்காந்துக்கிட்டு என்ன தைரியம் பாருங்க" என்று வெல்டர் பல்லைக் கடித்தார்.

அடுத்த சந்துக்குள் நுழைந்ததும் அவர் ஜன்னல் கண்ணாடியை அவசரமாக ஏற்றினார். மூன்றாவது கதவுக்கு முன்னால் வண்டி நின்றபோது, கழன்ற செருப்பைத் தேடுகிறவர்போல இருக்கைக்கு அடியில் தலையைக் கொடுத்தார்.

அதிகாரி ஒரு கையில் உத்தரவும் மறு கையில் ஏணிக்காலுமாக இறங்கினார். உள்ளே பளிச்சிட்டுக்கொண்டிருந்த வெளிச்சம் அணைந்தது. முகமூடியை மேலே தள்ளிவிட்டு, வெல்டரின் மனைவி சிரித்த முகமாக வாசலுக்கு வந்தாள்.

"வாங்க சார். எத்தனை கால் வேணும்?"