அட்டையில் நின்றவன்

இந்தக் காலத்தில் எவன் அனுமதி கேட்டு உள்ளே வருகிறான்? கதவைத் தள்ளுகிறான், பூட்ஸில் ஒட்டிய பனியோடு நடுக்கடையில் வந்து நிற்கிறான். கிளீவ்லாந்து நகரத்துக் காமிக்ஸ் கடையில் தன்னை இடித்துக்கொண்டு நுழைந்தவர்களைப் பார்த்து எமில் ஹ்ரூஸ்கா கிழவர் முனகினார்.

செத்துப்போன தம்பி லாடி அவருக்கு விட்டுப்போனது ஒரே ஒரு புத்தகம். சூப்பர் ஹீரோ கதைக்குள் ரத்தக்காட்டேரி ஒருவன் முதன்முதலாகத் தலைகாட்டிய இதழ். யாராவது கூப்பிட்டால்தான் அவனால் உள்ளே வர முடியும். அதனால் அட்டைப்படத்தில் வாசலுக்கு வெளியே, தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்பான். கெடாமல் இருக்கட்டும் என்று புத்தகத்தைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைக்க இந்தக் கடை மூலமாக அனுப்பியிருந்தார். இன்று திரும்பி வந்திருந்தது.

அட்டையில் வாசல் காலியாக இருந்தது.

"டேய் டுவெய்ன், புத்தகத்தையே மாத்திட்டானுங்கடா!"

கடைக்காரன் டுவெய்ன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பெரியவரே, மூலைல உங்க தம்பி பேரு பென்சில்ல இருக்கு. சீலும் உடையல."

"அப்ப வாசல்ல நின்னவன் எங்கடா? காபி குடிக்கப் போயிட்டானா?"

டுவெய்ன் சுவரிலிருந்த அதே இதழின் இன்னொரு பிரதியை எடுத்தான். அதில் அவன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

"பேரை எவன் வேணா எழுதலாம். என் லாடியோட புத்தகம் வந்ததும் சொல்லு." பெட்டியை மேசையிலேயே போட்டுவிட்டு எமில் கிளம்பினார்.

வாசலுக்கு வெளியே ஒல்லியாக ஒருவன், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். பனி கொட்டியது; அவன் தோளில் ஒரு பொட்டுகூட இல்லை.

"உள்ள வரலாங்களா?"

"ஒருத்தனுக்காவது மரியாதை தெரியுதே! வாப்பா, உள்ள வா."

அவனுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். புத்தகத்தை மாற்றிவிட்டார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.