கிளுவை வேலியில் ஒரு பச்சை

"இப்பத் தேடுங்க" என்று சொல்லிவிட்டு ராமக்காள் வாயை மூடிக்கொண்டாள்.

எதிரே கிளுவை வேலி. மழைக்குத் தழைத்து ஒரே பச்சையாய்க் கிடந்தது. அதற்குள் எங்கேயோ ஒரு பச்சோந்தி. அதைக் கண்டுபிடிப்பதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் குப்புராஜுக்கு இன்றைய வேலை.

பச்சோந்தி இடது கோடியில் இருந்தது. அதுதான் சங்கடம்.

பக்கவாதம் வந்துபோன பிறகு குப்புராஜுக்குக் கைகால் தேறிவிட்டது. பேச்சும் வந்துவிட்டது. இடது பக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. தட்டில் வலப்பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் போடு என்பார். ஒரு கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்பார்.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா. மூளைதான் அந்தப் பக்கத்தைக் கவனிக்க மாட்டேங்குது" என்றார் தருமபுரி டாக்டர்.

தொப்பூர் கணவாயில் காலமெல்லாம் லாரி ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காத மனுஷன். "இடது பக்கத்தக் கிளீனர் பாத்துக்குவான்னு உட்டுட்டேன் போல" என்று சிரித்தார். ராமக்காளும் சிரித்தாள். பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதாள்.

ஒருநாள் காப்பியோடு அவருக்கு இடப்பக்கமாய்ப் போய் நின்றாள். அவரோ வாசலைப் பார்த்து, "ராமக்கா, எங்க போய்ட்ட?" என்று கூப்பிட்டார். கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கத்தில் நின்றாள் பாவி. அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கம் போவதே இல்லை. தண்ணிச் சொம்பு, துண்டு, தான், எல்லாம் வலப்பக்கம்.

பயிற்சி கொடுக்க வரும் எழிலரசிக்கு இது பிடிக்கவில்லை. "நீங்க செல்லம் குடுத்தா மூளையும் சும்மாவே கெடக்கும்க்கா. ஒளிஞ்சிருக்கறதத் தேட வைங்க. தேடத் தேடத்தான் அது முழிச்சுக்கும்."

போனில் படமும் காட்டினாள். மரப்பட்டையோடு ஒட்டிய ஆந்தை, சருகுக்குள் தவளை. வலப்பக்கம் இருந்ததையெல்லாம் குப்புராஜ் டக்கென்று தொட்டார். இடப்பக்கம் இருந்ததற்கும் "தெரியுது, தெரியுது" என்றார். எங்கே என்று கேட்டால் திருதிருவென்று முழித்தார்.

போன் ஆந்தை எதற்கு, நம் வேலியிலேயே நிஜம் இருக்கிறதே என்றுதான் இன்று ராமக்காள் துணிந்தாள். பச்சோந்தி நழுவிவிடாமல் காவலாக அதன் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள்.

அவர் பார்வை வலது கோடியில் தொடங்கியது. இலை இலையாய் மேய்ந்தது. வேலியின் நடுவுக்கு வந்து, சுவரில் முட்டியதுபோல நின்றது. திரும்ப வலப்பக்கமே போனது.

இன்னும் கொஞ்சம், சாமி, இன்னும் கொஞ்சம். சொல்லிவிட நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டாள்.

கழுத்து மெல்லத் திரும்பியது.

"தெரியுது" என்றார் குப்புராஜ்.

ராமக்காள் வெடுக்கென்று வேலியைப் பார்த்தாள். கிளை வெறுமையாய் ஆடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அவள் நின்ற நேரத்தில் பச்சோந்தி உள்ளே போய்விட்டிருந்தது.

இல்லாததைத் தெரியுது என்கிறார். அவள் மனசு நோகக்கூடாதென்று இன்னொரு பொய். அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கியது. துடைக்கக்கூட இல்லை. துடைத்து யாரிடம் மறைக்க?

"என்னங்க தெரியுது?" கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

"பச்சோந்தி எங்கன்னு தெரியல" என்றார் அவர். "பச்சைப் பொடவ தெரியுது. மூக்குத்தி தெரியுது."

நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, அங்க நின்னு எதுக்கு அழுவுற?"